கார்பன் போர்டு பொங்கினால், முறிந்தால், தண்ணீர் குடித்தால்: ஓசூர்ப் பட்டறையிலிருந்து ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அலைச்சறுக்குப் பலகை செய்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அலை அடிக்கிற, சென்னைப் பக்கத்துக் கோவளம் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பக்கம் நுரை என்றால் கெலவரப்பள்ளி அணை மதகில் பொங்குகிறதே, அதுதான். ஆனால் ரெசினும் கார்பன் துணியும் அதில் வேலை தெரிந்த கையும் இந்தத் தொழிற்பேட்டைத் தெருக்களில் கிடைக்கும். பைக் ஃபேரிங், தண்ணீர்த் தொட்டி, பஸ் முகப்பு என்று ஃபைபர் வேலை செய்துகொண்டிருந்த என் பட்டறைக்கு ஒருநாள் பொங்கிப்போன கார்பன் போர்டு ஒன்று, அதாவது தெர்மாகோல் மேல் கார்பன் துணியை ரெசினால் ஒட்டிச் செய்த அலைச்சறுக்குப் பலகை, ரிப்பேருக்கு வந்தது. அதில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

வருகிறவர்கள் எல்லோரும் கார்பனைத் திட்டிக்கொண்டேதான் வருகிறார்கள். "ஸ்ட்ராங்குன்னு சொன்னாங்கண்ணா, ஒரு சீசன்கூடத் தாங்கலை." பிரித்துப் பார்த்தால் பத்தில் எட்டுக்குக் கார்பன் காரணமாக இருக்காது. வெயில், உள்ளே மாட்டிய காற்று, ரெசின் கலந்த கை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கண்ணாடி இழைத் துணியில் தப்பு செய்தால் வெள்ளையாகத் தெரிந்து காட்டிக் கொடுத்துவிடும். கார்பன் கறுப்பு. உள்ளே எதுவும் தெரியாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் கையில் எடுக்க வேண்டியவை இரண்டு: ஒரு ஐந்து ரூபாய் நாணயம், பத்து கிலோ வரை கிராம் கணக்கில் காட்டும் எலக்ட்ரானிக் தராசு. நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் இடம் "டக் டக்" என்று கணீரென்று சொல்லும். விட்டுப்போன இடம் "பொத் பொத்". தேங்காய் வாங்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொத்தென்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு எடை போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.

வெயிலில் வைத்துவிட்டு வந்தேன், மேல்பக்கம் பொங்கி நிற்கிறது

அதிகம் வருவது இதுதான். கார் கேரியரில் கட்டி மதியம் கிருஷ்ணகிரியைத் தாண்டினாலே போதும். 38 டிகிரி வெயிலில் கறுப்புப் பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். துணியை ஒட்டும் எபாக்சி ரெசினை அறை வெப்பத்திலேயே இறுகவிட்டிருந்தால் அது 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். உள்ளே இருப்பது தெர்மாகோல், நூற்றுக்கு 98 பங்கு காற்று. 25 டிகிரியில் அடைபட்ட காற்று 65 டிகிரிக்குப் போனால் அதன் அழுத்தம் சுமார் 13 சதவீதம் ஏறும். பசை இளகியிருக்கும் அதே நேரத்தில் காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. எங்கே ரெசின் குறைவாகப் பிடித்ததோ அங்கே தோல் தூக்கிக்கொள்ளும். வெப்பம் 80-ஐ நெருங்கினால் தெர்மாகோலே சுருங்கிவிடும், அதற்கப்புறம் பேச்சு கிடையாது.

முதலில் போர்டை நிழலுக்குக் கொண்டுபோய் முழுதாக ஆற விடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். ஆறியதும் அழுத்திப் பாருங்கள். பொங்கல் அடங்கி, அழுத்தினால் மட்டும் உள்ளே போய் வருகிறதென்றால் தெர்மாகோல் பிழைத்திருக்கிறது. குழியாகவே நின்றுவிட்டால் தெர்மாகோல் சுருங்கிவிட்டது.

உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் விளிம்பை ஒட்டி 3 மில்லிமீட்டர் துளைகள் நாலைந்து போடுங்கள். ஒரு துளையில் ஊசி இல்லாத சிரிஞ்சால் நீர்த்த எபாக்சியை ஏற்றினால் அடுத்த துளையில் வெளியே வர வேண்டும். வராவிட்டால் நடுவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தாண்டி இன்னொரு துளை போடுங்கள். மேலே பாலித்தீன் தாள், அதன் மேல் மணல் மூட்டை. செங்கல் வைக்காதீர்கள், போர்டின் வளைவுக்கு அது உட்காராது. ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது.

உள்ளங்கையைவிடப் பெரிதென்றால் ஊசி வைத்தியம் பலிக்காது. விட்டுப்போன தோலை வெட்டி எடுங்கள். சுற்றியுள்ள நல்ல தோலை ஓரம் சரிவாக வரும்படி 2 அங்குலத்துக்குத் தேயுங்கள். தெர்மாகோல் குழிந்திருந்தால் எபாக்சியில் மைக்ரோபலூன் என்னும் உள்ளீடற்ற நுண்மணிப் பொடியைப் பட்டி பதத்துக்குக் குழைத்து நிரப்பி, உப்புத்தாளால் மட்டம் செய்து, அதன் மேல் புதுத் துணி. பழைய துணியின் இழை எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில் புதியதும் ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் ஒட்டு மட்டும்தான் போட்டிருப்பீர்கள், பலம் வராது.

மறுபடி வராமலிருக்க நான் செய்வது: லேயர் அடித்த (ரெசினில் நனைத்த துணியை ஒட்டிய) மறுநாள் போர்டுக்குப் பாலித்தீன் கூடாரம் கட்டி, உள்ளே இரண்டு குண்டு பல்பு போட்டு, 45 முதல் 50 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைப்பேன். தெர்மாமீட்டர் உள்ளேயே தொங்கும். எபாக்சி எவ்வளவு சூட்டில் இறுகியதோ அதை ஒட்டித்தான் பின்னால் அது தாங்கும் சூடும் இருக்கும். 60-ஐத் தாண்ட விடவே கூடாது. அப்புறம் வெள்ளை அடித்துவிடுவேன். கறுப்பு நெசவு வெளியே தெரிய வேண்டும், காசு கொடுத்தது அதற்குத்தானே என்று சண்டை போடுபவர்கள் உண்டு. ஓரத்தில் ஒரு சாண் தெரியட்டும், மேல்பக்கம் வெள்ளை என்று பேரம் பேசி முடிப்பேன். ஓசூரில் வண்டிக்கு அடிக்கிற டூ-கே கிளியர் கோட் தெரிந்த பெயிண்டருக்குப் பஞ்சமில்லை. எபாக்சி வெயிலில் மஞ்சளாவதற்கும் அதுவே மருந்து.

எடை ஏறிக்கொண்டே போகிறது, எங்கே ஓட்டை என்று தெரியவில்லை

இது எங்கள் ஊருக்கே உரிய வியாதி என்று சொல்லலாம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 900 மீட்டர். இங்கே காற்றழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல், கோவளத்தில் 101. போர்டின் உள்காற்று போய் வர வைத்திருக்கும் காற்றுத் திருகை இங்கே மூடிக் கீழே கொண்டுபோனால் உள்ளே 91, வெளியே 101. அந்த 10 கிலோபாஸ்கல், ஒரு மீட்டர் தண்ணீருக்கு அடியில் போர்டை வைத்து அமுக்குவதற்குச் சமம். அதோடு வெயிலில் காய்ந்த போர்டைக் கடலில் இறக்கினால் உள்காற்று குளிர்ந்து இன்னும் சுருங்கும். கண்ணுக்கே தெரியாத ஊசித்துளை இருந்தால் போதும், சிரிஞ்சு மாதிரி உறிஞ்சும். முந்தின பகுதியில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உயரம் ஏறக்குறைய 500 மீட்டர். அங்கே செய்தாலும் கணக்கு இதேதான், வித்தியாசம் கொஞ்சம் குறையும். திருகு வகைக் காற்றுத்துளை என்றால் கடற்கரையில் இறங்கியதும் முதலில் திறந்து மூடுங்கள். மலையேறித் திரும்பும்போது திறந்தே வையுங்கள், இல்லையென்றால் உள்காற்று இப்போது வெளியே தள்ளும். கோர்-டெக்ஸ் வகை தானாகவே சுவாசிக்கும், தண்ணீரை விடாது. அதன் மேல் பெயிண்ட் அடித்து மூக்கை அடைத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர் ஒருவர் அல்ல.

ஓட்டையைத் தேட: காற்றுத் திருகைக் கழற்றி, சின்ன ரப்பர் குழாய் பொருத்தி, வாயால் மெதுவாக ஊதுங்கள். இன்னொருவர் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வரட்டும். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் ஃபின் பெட்டியின் (போர்டின் அடியில் நிற்கும் துடுப்பைச் செருகும் பெட்டி) ஓரம், காலில் கட்டும் கயிற்றின் பிளக், ஓரத்தில் துணி மடங்கிய கோடு. கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துவிடாதீர்கள். பஞ்சர் கடை நினைப்பில் என் பட்டறைப் பையன் ஒருமுறை கொடுத்தான். ஓட்டை ஒன்றும் தெரியவில்லை, மேல்தோல் மட்டும் ஒரு முழத்துக்குக் கிளம்பியது.

கண்டுபிடித்தவுடன் அடைக்கக் கூடாது. தெர்மாகோல் மணிகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில் தண்ணீர் ஊர்ந்து போயிருக்கும். ஓட்டை கீழே வரும்படி நிழலில் சாய்த்து, தினம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால்தான் காய்ந்தது என்று அர்த்தம். அதற்குள் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் விடலாமா என்று கேட்பார்கள். வெளியே தாராளமாகக் கழுவுங்கள், உள்ளே விட வேண்டாம்.

பரப்பெல்லாம் ஊசித்துளை, அங்கங்கே வறண்ட திட்டு

லேயர் அடித்தது காலையிலா என்று கேளுங்கள். அநேகமாக ஆமாம் என்பார்கள். காலை ஒன்பதுக்குத் துணி விரித்தால், ரெசின் இறுகும் பதினொன்றுக்குள் ஷீட் கூரைப் பட்டறை பத்து டிகிரி ஏறியிருக்கும். தெர்மாகோலிலிருந்து காற்று விரிந்து, பாதி இறுகிய ரெசின் வழியாகக் குமிழியாக வெளியேறும். நாலு மணிக்கு மேல், வெப்பம் இறங்கும் நேரத்தில் ஆரம்பித்துப் பாருங்கள், அதே தெர்மாகோல் ரெசினைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். முந்தின நாளே மைக்ரோபலூன் பட்டியை மெல்லிசாக இழுத்து மணிச் சந்துகளை அடைத்துவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

வறண்ட திட்டு வேறு கதை. கண்ணாடி இழை ரெசினில் நனைந்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும், கார்பன் நனைந்தாலும் கறுப்பு, நனையாவிட்டாலும் கறுப்பு. அதனால் போர்டின் மேல் வைத்து நனைக்காதீர்கள். மேசையில் பாலித்தீன் விரித்து, துணியைப் போட்டு, ரெசினைப் பட்டித் தகட்டால் தள்ளித் தள்ளி நனைத்து, புரட்டி அடிப்பக்கமும் பார்த்து, பிறகு தூக்கிப் போர்டில் போடுங்கள். கையால் அடிக்கும் வேலைக்கு என் கணக்கு, துணி எத்தனை கிராமோ ரெசினும் அத்தனை கிராம். 200 கிராம் துணி ஒரு சதுர மீட்டர் என்றால் 200 கிராம் ரெசின், கூடவே தகட்டில் வீணாவதற்குக் கொஞ்சம். நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் எல்ஒய் 556 ரெசின் பாகு மாதிரிக் கெட்டி, கார்பன் இழைக்குள் சட்டென்று இறங்காது. டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்து இளக்கி, பிறகு அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலக்கலாம். சூடான ரெசினில் ஹார்ட்னர் வேகமாக வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது, ஒரு முறைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள்.

ஏற்கனவே வந்துவிட்ட ஊசித்துளைக்கு: 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, எபாக்சியைத் தகட்டால் அழுத்தி இழுங்கள். பிரஷ்ஷால் பூசினால் துளை மேல் பாலம் கட்டும், உள்ளே இறங்காது. தேய்க்கும்போது தூசி வெள்ளையாக வரும்வரை ரெசினைத்தான் தேய்க்கிறீர்கள். கறுப்பாக மாறிய நொடியில் நிறுத்துங்கள். அது இழை.

இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு

பாலியஸ்டர் ரெசின் வேலையிலிருந்து வந்தவர்கள் செய்யும் தப்பு இது. நானும் செய்திருக்கிறேன். பாலியஸ்டரில் கேட்டலிஸ்ட்டைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக. அந்தப் பழக்கத்தில் "குளிரா இருக்கு, இன்னும் ரெண்டு மூடி ஊத்துடா" என்று எபாக்சிக்கும் சொல்லிவிடுகிறோம். எபாக்சியில் ஹார்ட்னர் ரெசினோடு ஆளுக்கு ஆள் கைகோக்க வேண்டிய பங்காளி. கூடப் போட்டால் ஜோடி கிடைக்காத ஹார்ட்னர் அப்படியே பசையாக நிற்கும். எல்ஒய் 556 ரெசினுக்கு எச்ஒய் 951 ஹார்ட்னர் என்றால் எடையில் 100-க்கு 10. வேறு ஜோடிக்கு வேறு கணக்கு, டப்பாவில் எழுதியிருக்கும். மூடிக் கணக்கு வேண்டாம், தராசுதான். அளவு தப்பிப்போன எபாக்சியை எந்த வெயிலும் இறுக்காது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அளவு சரி, ஆனாலும் மேலே மெழுகு தடவின மாதிரி வழவழப்பா? மார்கழிப் பனியில், மழைக்கால ஈரத்தில் ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கழுவித் துடைத்த பிறகு உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் படலத்தை உள்ளே தேய்த்து ஏற்றுகிறீர்கள், அடுத்த லேயர் ஒட்டாது.

டிசம்பரில் ஓசூர்க் குளிரில் ரெசின் டப்பா அடியில் சர்க்கரை மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் உறைவது மாதிரிதான். 50, 60 டிகிரி வெந்நீரில் டப்பாவை வைத்து, முழுதும் தெளியும்வரை கலக்கினால் பழையபடி ஆகிவிடும். ஒரு துகள் மிச்சம் இருந்தாலும் திரும்பக் கட்டும்.

கப்பே புகைகிறது

கலந்த ரெசினைக் குறுகலான கப்பில் நிறுத்தி வைத்தீர்கள், இறுகும்போது வரும் சூடு உள்ளேயே அடைபட்டுவிட்டது. வெளியே மண்ணில் வையுங்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். அடுத்த முறை அகலத் தட்டில் ஊற்றுங்கள்.

தெர்மாகோலே கரைந்து குழியாகிவிட்டது

பாலியஸ்டர் ரெசின் அடித்திருக்கிறீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். பாலியஸ்டருக்கு பாலியூரித்தேன் ஃபோம், தெர்மாகோலுக்கு எபாக்சி. அமெரிக்காவில் பாலியூரித்தேன் ஃபோம் கட்டைகளை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிளார்க் ஃபோம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று கடையை மூடியது. அதற்குப் பிறகுதான் தெர்மாகோல்-எபாக்சி பக்கம் நிறையப் பேர் திரும்பினார்கள்.

கார்பன் பட்டை முடியும் இடத்தில் சரியாக முறிந்திருக்கிறது

பட்டை எங்கே இருந்ததோ அங்கே ஒன்றும் ஆகவில்லை, அது முடிந்த இடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி இரண்டாகிவிட்டது. கடை ஏமாற்றிவிட்டது என்று வருவார்கள். விறைப்புக் கணக்கைப் பாருங்கள்: சாதாரணக் கார்பன் இழை சுமார் 230 கிகாபாஸ்கல், கண்ணாடி இழை சுமார் 72. மூன்று மடங்குக்கு மேல். ஆனால் அறுவதற்கு முன் கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேல் நீளும், கார்பன் 2 சதவீதம் நீண்டாலே பெரிய விஷயம். ஒகேனக்கல் பரிசல் பாறையில் மோதினால் மூங்கில் பின்னல் மொத்தமாக வளைந்து கொடுக்கும். போர்டில் கார்பன் பட்டை ஓடும் பகுதி வளைய மறுக்கிறது, பட்டை முடிந்த அடுத்த அங்குலம் வளையத் தயாராக இருக்கிறது. ஆகவே மொத்த வளைவும் அந்த ஒரு கோட்டில் வந்து விழுகிறது. அந்தக் கோடு முன்காலுக்கு அடியில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முறிந்ததைச் சேர்க்கலாம். இரண்டு பாதியையும் நேராக அடுக்கி, நடுவில் மைக்ரோபலூன் எபாக்சி வைத்து ஒட்டி, மறுநாள் முறிவுக்கு இருபுறமும் ஒரு அடிக்குக் குறையாமல் தோலைச் சரிவாகத் தேயுங்கள். முதலில் கண்ணாடி இழை, பிறகு கார்பன், அதற்கு மேல் மறுபடி கண்ணாடி இழை. ஒவ்வொரு லேயரும் முந்தையதைவிட இரண்டு அங்குலம் தள்ளி முடியட்டும். எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் அடுத்த முறிவுக்கு நீங்களே கோடு போட்டுக் கொடுக்கிறீர்கள்.

புதுப் போர்டென்றால் பட்டையை மூக்கிலிருந்து வால்வரை ஓட விடுங்கள். நடுவில் முடித்தே ஆக வேண்டுமென்றால் முனையை வாழையிலை நுனி மாதிரிக் கூராக வெட்டி, இரண்டு பாதத்துக்கும் வெளியே முடியுங்கள். அரைகுறை நீளத்தில் சதுர முனையோடு அலங்காரத்துக்கு ஒட்டின பட்டை, இல்லாததைவிட மோசம்.

முறியவில்லை, பொங்கவில்லை, ஆனால் போர்டில் உயிரில்லை

முழுக்கக் கார்பன் சுற்றினால் இப்படித்தான். மேசை மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். இதற்கு வைத்தியம் கிடையாது, தோலை உரிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் போர்டு வடிவமைப்பாளர் ஹேடன் காக்ஸ், போர்டின் நடுவில் நீளவாக்கில் ஓடும் மரக்கட்டையை எடுத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் வில்போலக் கார்பன் ஓடவிட்ட போர்டுகளால் பெயர் எடுத்தவர். நான் பார்த்தவரை கார்பனுக்குச் சரியான இடம் ஓரம்தான். என்னிடம் முழுக் கார்பன் கேட்பவர்களிடம் எடையில் மிச்சமாவது எவ்வளவு என்று தராசில் வைத்துக் காட்டுவேன். பாதிப் பேர் மனசு மாற்றிக்கொள்வார்கள்.

வேக்கம் போட்டதும் போர்டு வளைந்துவிட்டது

துணி நன்றாக ஒட்ட, போர்டைப் பையில் போட்டுப் பம்ப்பால் காற்றை உறிஞ்சுவதுதான் வேக்கம். பம்ப்பை முழுக்க இழுக்க விட்டிருப்பீர்கள். கன மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள தெர்மாகோல் முழு வேக்கத்தில் நசுங்கும். மீட்டரில் 8 முதல் 10 இஞ்ச் (பாதரச அளவு) போதும், மேலே போகாமல் ஒரு கசிவு வால்வு வையுங்கள். போர்டு தன் வளைவிலேயே நிற்க, அதை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய தெர்மாகோல் கட்டையையே அடியில் தொட்டிலாக வைத்தால் வளையாது. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரே இந்த வேலைக்குப் போதும். ஓசூரில் மீட்டர் 27 இஞ்சுக்கு மேல் ஏறவில்லை என்று பம்ப்பைப் பிரித்துப் போட்டவரைத் தெரியும். பம்ப் சரிதான். இந்த உயரத்தில் காற்றே அவ்வளவுதான் இருக்கிறது.

திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி

அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் பேட்டரி மாதிரி ஆகிவிடும், அலுமினியம் அரித்துப்போகும். ஃபின் பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று கண்ணாடி இழை வைத்துக் கார்பனைப் பிரியுங்கள். திருகு நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

கிரைண்டர் அடிக்கடி நின்றுபோகிறது, கை அரிக்கிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும். கிரைண்டர் மோட்டாருக்குள்ளும் சுவிட்ச் போர்டுக்குள்ளும் போய் ஷார்ட் ஆக்கும். முடிந்தவரை தண்ணீர் தொட்டுக் கையால் தேயுங்கள். மெஷின்தான் என்றால் பக்கத்திலேயே வேக்யூம் கிளீனர் வாய், முகத்தில் என்-95, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. ஃபேனைப் போட்டுக்கொண்டு தேய்க்காதீர்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள். சூடு தண்ணீர் தோலின் துளைகளைத் திறந்து முள்ளை இன்னும் உள்ளே விடும் என்று பட்டறையில் சொல்வார்கள், என் கையும் அப்படித்தான் சொல்கிறது. தேய்த்த சட்டையைத் தனி வாளியில் துவையுங்கள். வீட்டு வாஷிங் மெஷினில் போட்டு, மொத்தக் குடும்பமும் இரண்டு நாள் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த பிறகு, என் சட்டைக்கென்று மொட்டை மாடியில் ஒரு வாளியே தனியாக ஒதுக்கப்பட்டுவிட்டது.